ஆக்சிஜனுக்கு மூத்த இரண்டு நொதிகள்

ருபிஸ்கோ ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வரும். நைட்ரோஜினேஸ் வேர்முடிச்சுகளைப் பற்றிய பாடத்தில் வரும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. ஆனால் இரண்டும் செய்வது ஒரே பணிதான்: காற்றிலிருந்து ஒரு வாயுவைப் பிடித்து உயிர்ப்பொருளுக்குள் சேர்ப்பது.

முதலில் தெரிவது வேற்றுமை. ருபிஸ்கோவுக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு காற்றில் 0.04 விழுக்காடுதான், நைட்ரோஜினேசுக்கு வேண்டிய நைட்ரஜனோ 78 விழுக்காடு. அரிதான வாயு எளிதில் வினைப்படுகிறது; தன் வினைக்கு ருபிஸ்கோ நேரடியாக ஓர் ஏடிபிகூடக் கேட்பதில்லை. மலிந்து கிடக்கும் வாயுதான் முரண்டு பிடிக்கிறது. அதன் முப்பிணைப்பை உடைக்க, மூலக்கூறு ஒன்றுக்கு 16 ஏடிபி செலவாகிறது. தொழிற்சாலையில் ஹேபர்-போஷ் முறை 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் செய்வதை, இந்த நொதி மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகிறது.

வேகத்தில் இரண்டும் நெருங்கிவிடுகின்றன. தாவர ருபிஸ்கோ நொடிக்கு மூன்று மூலக்கூறுகள் அளவில் பிடிக்கிறது; நைட்ரோஜினேஸ் ஏறக்குறைய ஒன்று. அதே கார்பன் டை ஆக்சைடைக் கையாளும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொடிக்கு லட்சக்கணக்கில் வினை நிகழ்த்துவதை நினைத்தால், இந்த மந்தம் வியப்பூட்டும். வீணாவதிலும் ஒற்றுமை உண்டு. 25 டிகிரியில் ருபிஸ்கோ ஏறத்தாழ நான்கில் ஒரு முறை தவறி ஆக்சிஜனைப் பிடிக்கிறது. நைட்ரோஜினேஸ் தன் எட்டு எலக்ட்ரான்களில் குறைந்தது இரண்டை ஹைட்ரஜன் உண்டாக்கவே விட்டுவிடுகிறது. இந்தக் கால் பங்குகள் ஒத்துப்போவது தற்செயல்தான், காரணங்கள் வேறு.

தற்செயல் அல்லாத உறவு ஆக்சிஜனில் இருக்கிறது. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது. இரண்டு நொதிகளும் அதற்கு மூத்தவை; அந்த வாயுவை எதிர்கொள்ளும் தேவை இல்லாத உலகில் உருவானவை. ருபிஸ்கோவை ஆக்சிஜன் குழப்புகிறது; நைட்ரோஜினேசை அழிக்கிறது. காற்றுப் பட்டால் அதன் இரும்புப் புரதம் ஒரு நிமிடத்துக்குள் பாதித் திறனை இழந்துவிடும்.

பின்னாளில் இரண்டின் வாழ்க்கையும் இவ்வளவு விலகியதற்கு இந்த வேறுபாடே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். குழப்பத்தை எண்ணிக்கையால் ஈடுகட்டலாம். அதனால்தான் நெல், கோதுமை போன்றவற்றின் இலையில் கரையும் புரதத்தில் பாதிவரை ருபிஸ்கோவே இருக்கிறது. அழிவை அப்படி ஈடுகட்ட முடியாது; நைட்ரோஜினேசுக்கு மறைவிடம் வேண்டும். பயறு வகைகளின் வேர்முடிச்சில் லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அதைக் காக்கிறது. முடிச்சைக் கீறினால் தெரியும் சிவப்பு அதனுடையது. ஆனால் ருபிஸ்கோவும் மறைவிடம் தேடாமலில்லை. கரும்பும் சோளமும் அதைக் கற்றை உறை செல்களுக்குள் வைத்து, அங்கே கார்பன் டை ஆக்சைடைக் குவித்துக் கொடுக்கின்றன.

இரண்டு மறைவிடங்களையும் ஒரே இழையில் காண அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசியைப் பார்க்க வேண்டும். நம் நெல் வயல்களில் விடும் அசோலாவின் இலைக்குழிகளிலும் அதன் நெருங்கிய உறவினம் வாழ்கிறது. பாசியின் இழையில் பத்துச் செல்லுக்கு ஒன்று என்ற அளவில் ஹெட்டிரோசிஸ்ட் என்னும் தடித்த சுவர்ச் செல் அமைகிறது. அதற்குள் நைட்ரோஜினேஸ் வேலை செய்கிறது, ஆக்சிஜனை வெளியிடும் ஒளிவினை அங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது, ருபிஸ்கோவும் இல்லை. பக்கத்துச் செல்களில் ருபிஸ்கோ இருக்கிறது, அதுவும் கார்பாக்ஸிசோம் என்னும் புரதக் கூட்டுக்குள். ஒன்றுக்குச் செல்லே அறை. மற்றதற்குச் செல்லுக்குள் ஓர் அறை. அங்கிருந்து சர்க்கரை வருகிறது, இங்கிருந்து குளுட்டமின் போகிறது. நைட்ரோஜினேசின் எலக்ட்ரான்களுக்கு மூலம் அந்தச் சர்க்கரை. ருபிஸ்கோவைக் கட்டுவதற்கு வேண்டிய நைட்ரஜன் அந்தக் குளுட்டமினில் வருகிறது.

பரவலில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. நீலப்பச்சைப் பாசியின் மூதாதை ஒன்று இன்னொரு செல்லுக்குள் தங்கிப் பசுங்கணிகமானபோது, ருபிஸ்கோ தாவர உலகம் முழுவதற்கும் உரியதாயிற்று. நைட்ரோஜினேஸ் பாக்டீரியாக்களையும் ஆர்க்கியாக்களையும் விட்டு வெளியே வரவில்லை. ஆனால் பிராருடோஸ்ஃபேரா என்னும் கடல் பாசிக்குள் வாழ்ந்த நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா ஒன்று, அந்தச் செல்லின் உறுப்பாகவே மாறிவிட்டதை 2024இல் ஆய்வாளர்கள் காட்டினர். அது விருந்தோம்பும் செல்லோடு சேர்ந்தே பிரிகிறது; தனக்கு வேண்டிய புரதங்கள் பலவற்றை அந்தச் செல்லிடமிருந்தே பெறுகிறது. அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். அந்த உறுப்பின் மூதாதையும் ஒரு நீலப்பச்சைப் பாசிதான்.