உயில் இல்லாத வாடகை வீடு

உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால், அவர் வாடகைக்கு விட்டிருந்த வீடு பாகப்பிரிவினை வரை உரிமையாளர் இல்லாமல் கிடப்பதில்லை. அவர் இறந்த கணத்திலேயே அது வாரிசுகள் அனைவரையும் சேர்ந்துவிடுகிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆணின் சுயசம்பாத்திய வீட்டுக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கொரு சமபங்கு. இதில் அடிக்கடி மறந்துபோவது தாயைத்தான். மகனை இழந்த அந்த அம்மாவும் பின்னர் உயில் இல்லாமல் காலமானால், அவர் பங்கில் இறந்தவரின் உடன்பிறந்தோருக்கும் உரிமை வந்துவிடும். கிறித்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும் முஸ்லிம்களுக்கு ஷரியத்தும் பொருந்துவதால் பங்குக் கணக்கு மாறும்.

வீடு எல்லோருக்கும் என்றால் வாடகையும் எல்லோருக்கும்தான். இதை முதல் மாதமே ஒழுங்கு செய்யாத குடும்பங்களில்தான் பின்னாளில் வழக்கு முளைக்கிறது. வாடகையை மூத்த மகனே வாங்கலாம். ஆனால் மற்றவர்களுக்கும் சேர்த்தே வாங்குகிறார். வாடகை 20,000 ரூபாய், சொத்து வரிக்கும் மோட்டார் பழுதுக்கும் 4,000 என்றால், மேற்சொன்ன நால்வருக்கும் தலைக்கு 4,000. இந்தக் கணக்கை எழுதிவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டைப் பராமரிப்பவர் அவர்தானே, முழு வாடகையும் அவருக்கே நியாயம் என்பார்கள். செய்த செலவைக் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. மிச்சத்தை வைத்துக்கொள்ள இல்லை. மகளுக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தாயிற்றே என்ற வாதம் இன்னும் பலவீனமானது; சீர் கொடுத்ததால் வாரிசுரிமை அற்றுப்போவதில்லை. எத்தனை வருடம் தனியாக வசூலித்தாலும், அது ஒன்றே மூத்த மகனை முழு உரிமையாளராக்காது. ஒரு பங்காளியின் அனுபோகத்தை எல்லோருடைய அனுபோகமாகவே நீதிமன்றங்கள் கொள்கின்றன.

குடியிருப்பவர் இறந்தவரிடம் கொடுத்த அட்வான்ஸும் வாரிசுகள் தலையில்தான் வருகிறது. சொத்து வேண்டும், அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டோம் என்பது செல்லாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் இறந்தாலும் ஒப்பந்தம் மீதிக் காலத்துக்கு வாரிசுகளைக் கட்டுப்படுத்தும். ஆகவே துக்கம் கழிந்ததும் குடியிருப்பவரைக் கிளப்பிவிட முடியாது. வாடகையை யாரிடம் தருவது என்று தவிக்கும் அவருக்கு, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

தாசில்தார் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்று வாரிசுகள் யார் யார் என்று மட்டுமே சொல்லும். வீட்டின் மீது எவருக்கும் தனியுரிமை தராது. அதற்குப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ வேண்டும். அதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம். சான்றுக்கு மனு கொடுக்கும் அன்றே வாடகை நோட்டில் முதல் வரியை எழுதிவிடுங்கள்.