டீத்தூளில் இருக்கும் நம் வரலாறு

இரண்டு டம்ளர் டீக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். தட்டிய இஞ்சியை முதலில் தண்ணீரிலேயே போட்டு நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இஞ்சி வேகும் முன் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். பிறகு இரண்டு ஸ்பூன் டீத்தூள். சாயம் இறங்கியதும் முக்கால் டம்ளர் பால், சர்க்கரை. பொங்கி வரும்போது இறக்கி வடிகட்டினால் முடிந்தது. விருந்தாளி வந்தால் ஒரு ஏலக்காய். நம் வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

இதையேதான் இப்போது ‘பாரம்பரிய மசாலா சாய்’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள். ஆயிரம் ஆண்டு, ஆயுர்வேதம், முனிவர் என்று கதையும் கூடவே வருகிறது. சுக்கும் மிளகும் போட்ட கஷாயம் பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தேயிலை இங்கே தோட்டப் பயிராகி இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அசாமில் 1830களில் தொடங்கினார்கள். சிலோனில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டார். அங்கே காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தின்று தீர்த்த பிறகு, மலை முழுக்கத் தேயிலை ஆனது.

அந்த மலைகளில் வேலை செய்தவர்கள் யார்? பாடப்புத்தகம் ‘தென்னிந்தியத் தொழிலாளர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போன பறையர், பள்ளர், அருந்ததியர் மக்கள் அவர்களில் பெரும்பங்கு. பஞ்சம் துரத்தியது, பண்ணையாரின் கடன் துரத்தியது, சாதியும் துரத்தியது. அழைத்துப் போன பெரிய கங்காணிகளில் பலர் குடியான சாதியினர். ஆக, ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நின்றவர்கள் கடல் தாண்டிப் போய்க் கங்காணியிடம் நின்றார்கள்.

‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனை வேறொரு தோட்டம் அடைத்தால் அங்கே போகலாம். இல்லையென்றால் நகர முடியாது. மாட்டை விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கலாம். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். லயத்தில் ஒரு குடும்பத்துக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை. குறித்த எடை கூடைக்கு வரவில்லையென்றால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிக் கூலி. நல்ல தூள் கப்பலேறியது. பறித்தவர்கள் வீட்டில் பாலில்லாத சாயத்தண்ணி.

வால்பாறையின் கதையும் இதுவே. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, பின்னர் தொழிற்சங்கமும் கட்டிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆகக் கிடைக்கிறது. நம் மாணவர்களில் பலர் அதைத் தழுவிய ‘பரதேசி’ படத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். புத்தகத்தை எழுதியவரே ஒரு மருத்துவர். படத்திலோ மருத்துவர் மதம் மாற்ற வந்தவராக ஆடிப்பாடுகிறார். இந்த மாற்றம் யாருக்குத் தேவைப்பட்டது? படித்துவிட்டு யோசியுங்கள்.

டீ நம் அடுப்புக்கு வந்தது இன்னும் பிந்தி. 1903இல் தேயிலைமீது ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் தொடங்கினார்கள். 1930களின் மந்தத்தில் வெளிநாட்டில் விலை விழுந்ததும், உள்நாட்டு மக்களைக் குடிக்கப் பழக்குவதில் மும்முரமானார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்தது வெள்ளைக்காரர் முறை: வெந்நீரில் இலையை ஊறவைத்து, பாலைத் தனியே கொஞ்சம் ஊற்றுவது. நம் ஆட்கள் பாலையும் சர்க்கரையையும் கூட்டி, தூளைக் குறைத்து, இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டார்கள். தூள் குறைவாகச் செலவானதில் வியாபாரிகளுக்குக் கோபம். இன்று ‘பாரம்பரியம்’ என்று கொண்டாடப்படும் மசாலா டீ, அன்று அவர்கள் கண்ணில் கெட்ட பழக்கம்.

அசாமில் 1930களில் வந்த சி.டி.சி. இயந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கியது. சல்லடையில் கடைசியாக விழுவது டஸ்ட். விலை மலிவு, சாயம் உடனே இறங்கும், ஒரு கிலோவில் ஏராளமான டம்ளர். காப்பி அக்கிரகாரத்தின் அடையாளமாக இருந்த காலத்தில், உழைக்கும் மக்களின் பானமாக டீ ஆனது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் எந்த டம்ளரில்? டீக்கடையில் மற்றவருக்குக் கண்ணாடி கிளாஸ். நமக்குக் கொட்டாங்கச்சி, பிறகு கூரையில் செருகிய அலுமினிய டம்ளர். குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15, 17ஆம் பிரிவுகள் இதைத் தடுத்தன. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. வழக்குக்குப் பயந்த கடைகள் கண்டுபிடித்த தந்திரம், நமக்கு மட்டும் தூக்கியெறியும் கப். சுகாதாரம் என்று காரணமும் சொல்வார்கள்.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தது. அவர்களில் பலர் நீலகிரிக்கு வந்து மீண்டும் தேயிலையிலேயே நின்றார்கள். தாத்தா காலத்து ஊருக்குத் திரும்பிய குடும்பங்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவர்களை, ஊர் டீக்கடை அலுமினிய டம்ளரோடு வரவேற்றது.

கடையைச் சட்டம் தொட முடியும். வீட்டு டீயைத் தொட முடியாது. நம் தெருவுக்கு வரும் அதிகாரியும் கட்சிக்காரரும் வாசலில் நாற்காலி போட்டால் உட்காருவார்கள். டீ போடட்டுமா என்று கேட்டால், “இப்பதான் குடிச்சிட்டு வர்றேன்” என்பார்கள். வற்புறுத்தினால், “வேணும்னா ஒரு கலர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.” மூடி போட்ட பாட்டிலில் நம் கை படவில்லை அல்லவா. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், கலர் வாங்க ஆளனுப்பாதீர்கள். அடுப்பில் தண்ணீரை வையுங்கள், இஞ்சியைத் தட்டுங்கள், டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்காருங்கள்.