பிசியோதெரபி ஒத்தடம்... சூடு கூடினால் வலி சீக்கிரம் போகுமா?

"துண்டு ஒண்ணை எடுத்துடும்மா... இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும்!"

பிசியோதெரபி கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. முதுகு வலி, கழுத்துப் பிடிப்பு என்று ஒத்தடத்துக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால், அந்த ஒரு துண்டு செய்கிற வேலையை அவசியம் தெரிஞ்சுக்கணும்.

தொட்டிக்குள் என்ன இருக்கு?

கிளினிக் மூலையில் மூடி போட்ட ஸ்டீல் தொட்டி ஒன்று இருக்கும். அதன் பெயர் ஹைட்ரோகொலேட்டர். உள்ளே இருக்கும் தண்ணீரை 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே தெர்மோஸ்டாட் வைத்திருக்கும். அது கொதிக்கிற தண்ணீர் இல்லைதான். ஆனால், நேரடியாகப் பட்டால் நொடிகளில் தோல் வெந்துவிடும்.

அந்தத் தண்ணீரில் கேன்வாஸ் பைகள் ஊறிக்கொண்டிருக்கும். பல அறைகளாகத் தைத்த பைக்குள், பென்டோனைட் என்ற களிமண்ணோ சிலிக்காவோ நிரப்பியிருப்பார்கள். அது தண்ணீரைக் குடித்து உப்பி, சூட்டைப் பிடித்துவைத்து, ஏறக்குறைய அரை மணி நேரம் மெள்ள மெள்ள விடும். வெந்நீரில் நனைத்த துணி சட்டென ஆறிவிடும். இது ஆறாததற்குக் காரணம் இதுதான்.

அவசரப்படாதீங்க!

பையின் தண்ணீரை வடியவிட்டு, 6 முதல் 8 அடுக்கு டவல் சுற்றி, 15-20 நிமிடங்கள் வைப்பார்கள். முதலில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். டவலைத் தாண்டிச் சூடு வருவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். 'உறைக்கவே இல்லையே' என்று ஆரம்பத்திலேயே துண்டை எடுக்கச் சொன்னால், பத்தாவது நிமிடத்தில் தோல் கொப்பளிக்கலாம்.

இந்தச் சூடு தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். தசையைத் தளர்த்தி, இறுக்கத்தைக் குறைத்து, அடுத்து செய்யும் உடற்பயிற்சிக்கு உடம்பைத் தயார்செய்வதே அதன் வேலை. அளவுக்கு மேல் சூட்டைக் கூட்டினால் புண்ணாவது தோல்தான்.

பையின் மேல் படுக்கவும் கூடாது. உடம்பின் எடையில் டவல் அமுங்கி, சுடுநீர் கசிந்து, சூடு அதிகமாகத் தாக்கும்.

சர்க்கரை இருக்கா? முதலில் சொல்லுங்க!

நீண்டநாள் சர்க்கரை நோயில் பாதங்கள் மரத்துப்போயிருக்கலாம். தோல் வெந்தாலும் 'சுகமா இருக்கு' என்றே தோன்றும். அதனால், சூடான, குளிர்ந்த நீர் நிரப்பிய குழாய்களைத் தொடவைத்து உணர்ச்சியைச் சோதித்த பிறகே ஒத்தடம் கொடுக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யாவிட்டால், நீங்களே கேளுங்கள்.

இவர்களுக்கும் வேண்டாம்:

* அடிபட்டு 2, 3 நாள்களே ஆகி, வீக்கம் உள்ளவர்கள்
* கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருப்பவர்கள்
* அந்த இடத்தில் புற்றுநோய்க் கட்டி, திறந்த புண், தொற்று அல்லது ரத்தக்கசிவு உள்ளவர்கள்

கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் வைத்துக்கொள்ளக் கூடாது.

பொறுத்துக்கணுமா?

வைத்து 5 நிமிடத்தில் டவலை விலக்கித் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். சீராக, லேசாகச் சிவந்திருந்தால் பயமில்லை. சிவப்பும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ, எரிந்தாலோ, பையை உடனே எடுத்துவிட வேண்டும். தெரபிஸ்ட் பக்கத்தில் இல்லையென்றால், கூப்பிட ஒரு மணியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

'பாவம், அந்தப் பொண்ணு வேலையா இருக்கு' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீங்க. தொட்டியின் சூட்டை தெர்மோஸ்டாட் பார்த்துக்கும். உங்கள் தோலின் சூட்டை நீங்கள்தான் சொல்லணும்!