தோணிக்கல் கல்வெட்டும் வன்னியின் சோற்றுத் தட்டும்

சலரோகக்காரர் சோற்றைக் குறைக்க வேண்டும் என்றால் வன்னியில் உடனே வரும் மறுமொழி, "சோறு எங்கட பரம்பரைச் சாப்பாடு" என்பது. குளங்களையும் நெல்லையுமே மையமாக வைத்த நமது வரலாற்றெழுத்து இந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்துள்ளது. அந்த எழுத்துக்கு அடிப்படையிட்ட தொல்லியலாளர் செனரத் பரணவிதானவுடன்தான் எனக்கு வழக்கு.

வவுனியாத் தோணிக்கல் பாறைக் கல்வெட்டை அவர் இலங்கைக் கல்வெட்டுத் தொடரான எபிகிராபியா செய்லனிக்காவின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். சிறிமேகவண்ணனின் மூன்றாம் ஆட்சியாண்டில், துறவிகளின் மழைக்கால உணவுக்காக ஒருவர் வணிகக் கணமொன்றிடம் தானியம் வைப்பிலிட்ட செய்தி அது. முதல் அழியாதிருக்க, வட்டியிலிருந்து உணவு வழங்க வேண்டும். அம்மன்னனின் ஆட்சித் தொடக்கத்தை 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைப்போரும் நடுப்பகுதியில் வைப்போரும் உளர். நான் நூற்றாண்டோடு நின்றுகொள்கிறேன். பரணவிதானவை ஈர்த்தவை பெரிதும் கணமும் வட்டியும். பின்வந்தோரும் வங்கித்தொழிலின் முன்னோடியாகவே இதைக் காட்டினர். என்ன தானியம் என்ற கேள்வி பின்தங்கிப்போயிற்று.

வைப்பிலிட்டவை (வண்டியும் அமுணமும் தானிய அளவைகள்): நெல் இரண்டு வண்டியும் பத்து அமுணமும், உளுந்து ஆறு அமுணம், பயறு பத்து அமுணம். வட்டி நெல்லுக்குப் பத்துக்கு ஐந்து, மற்ற இரண்டுக்கும் அதில் பாதி. ஆகவே வட்டியாகக் கிடைப்பது நெல் ஒரு வண்டியும் ஐந்து அமுணமும், பருப்பு வகை நான்கு அமுணம். நெல்லைக் குற்றினால் அளவில் ஏறக்குறையப் பாதிதான் அரிசி. வண்டி எத்தனை அமுணம் என்பது முடிவாகாதவரை விகிதத்தை அறுதியிட இயலாது. துறவிகளுக்கான தானத்தை உழவர் வீட்டுத் தட்டாகக் கொள்ளலாமா என்ற ஆட்சேபமும் நியாயமானது. ஆயினும் உளுந்துக்கும் பயற்றுக்கும் தனி வட்டி வகுத்துக் கல்லில் வெட்டியவர்கள் அவற்றைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாக மட்டும் கருதியிருக்க முடியாது. முதலைத் தந்து வட்டி எதிர்பார்க்குமளவுக்கு அவை விளைந்தன, புழங்கின. பரணவிதானவின் வாசிப்பில் நான் காணும் குறை இதுவே.

பருப்பு விலகி அரிசி தட்டை நிறைத்தது பிற்காலத்தது என்பது என் துணிபு. சேனைப் பயிர்ச்செய்கையை ஆங்கில ஆட்சி வீண் என்று கட்டுப்படுத்தியபோது குரக்கனும் சாமையும் பயறும் ஒருசேர நிலமிழந்தன. 1902இல் தொடங்கிய இரணைமடுக்குள வேலையும் அதன்பின் வந்த கிளிநொச்சிக் குடியேற்றங்களும் நெல்லை முன்னிறுத்தின. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த பங்கீட்டுக் கூப்பன் அரிசி, நெல் விளையாத வீட்டுக்கும் மூன்று வேளைச் சோற்றைக் கொண்டுவந்தது. பின்னர் உள்நாட்டுப் போர்க்கால இடப்பெயர்வுகளில் நிவாரணமாகக் கிடைத்தவை பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, எண்ணெய். இவற்றுள் எது திருப்புமுனை என்று ஓராண்டைச் சுட்ட முடியவில்லை. கூப்பன் என்றே சாய்கிறேன்.

நோயின் அளவுக்கு நாம் எடுத்தாளும் எண்ணிலும் வன்னி இல்லை. இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்ற 2005–06 ஆய்வு, போரினால் வடக்கையும் கிழக்கையும் சேர்க்கவில்லை. அந்த எண்ணை வன்னிக்குப் பொருத்துவது பிழை.

சோற்றைக் குறைத்துப் பயற்றைச் சேர்ப்பதை, 1797இல் மருத்துவர் ஜோன் ரோலோ நீரிழிவுக்கென நூலாக வெளியிட்ட இறைச்சி உணவுமுறையோடு மயக்கலாகாது. காய்ந்த பயற்றிலும் நூற்றுக்கு அறுபது பங்களவு மாச்சத்து உண்டு. ஆனால் புரதம் அரிசியிலுள்ளதன் மூன்று மடங்கு, நார்ச்சத்தும் கூட. இரத்தத்தில் சீனி மெல்ல ஏறும். இரண்டு அகப்பைச் சோற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, அவித்த பயற்றையும் முருங்கையிலைச் சுண்டலையும் மீனையும் வைப்பதே இங்கு நடைமுறைக்கு ஒத்தது. இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர் கிளினிக்கில் மருந்தளவைக் கேளாமல் சோற்றைத் திடீரென நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் மேட்டுநிலங்களில் உளுந்து இன்றும் பெருமளவு விளைகிறது. அதில் பெரும்பங்கு லொறியேறி வெளியே போகிறது.