தாத்தா இருக்கிறாரா, இல்லையா?

1897-ம் வருடம். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதி. வர்ஜீனியா ஓஹன்லன் என்ற சிறுமிக்கு அந்த ஜூலையில்தான் எட்டு வயது நிறைந்திருந்தது. கூட விளையாடும் பிள்ளைகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா என்று ஒருத்தர் கிடையவே கிடையாதாம்!

நேராக அப்பாவிடம் போனாள். அப்பா பிலிப் ஓஹன்லன் ஒரு டாக்டர். மரணங்களை விசாரிக்கும் அலுவலகத்தில் வேலை. செத்தவர் எப்படிச் செத்தார் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்வதுதான் தொழில். அப்பேர்ப்பட்டவர், மகளின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நைசாக நழுவினார். 'சன்' பத்திரிகையில் வந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று கைகாட்டிவிட்டார். விடுவாளா வர்ஜீனியா? தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள் என்று ஆசிரியருக்கு நாலு வரி எழுதிப் போட்டாள்.

'சன்'னின் பூர்வீகத்தை இங்கே கொஞ்சம் பார்த்துவிடலாம். 1833-ல் ஒரு சென்ட் விலையில் ஆரம்பித்த பத்திரிகை அது. இரண்டே வருடத்தில், 1835 ஆகஸ்ட்டில், ஒரு தொடர் வெளியிட்டது. பிரபல வானியல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் மாபெரும் டெலஸ்கோப்பில் நிலாவைப் பார்த்தாராம். அங்கே வௌவால் மாதிரி இறக்கை வைத்த மனிதர்கள் பறக்கிறார்களாம். பாவம், ஹெர்ஷல் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். தன் பெயரில் இப்படியொரு கதை ஓடுவதே அவருக்குத் தெரியாது. அத்தனையும் வடிகட்டின புளுகு. ஜனங்களோ விழுந்து விழுந்து வாங்கிப் படித்தார்கள். அந்தப் பத்திரிகையைத்தான் டாக்டர் அப்பா உண்மைக்கு ஜாமீனாக நிறுத்தினார்!

வர்ஜீனியாவின் கடிதம் தலையங்கம் எழுதும் பிரான்சிஸ் சர்ச்சின் மேஜைக்கு வந்தது. உள்நாட்டுப் போரைக் களத்திலிருந்து எழுதிய நிருபர் அவர். மனிதன் மனிதனைக் கொல்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். சொந்தமாகக் குழந்தைகள் கிடையாது. இதற்கெல்லாமா தலையங்கம் என்று முதலில் முகம் சுளித்தாராம். அப்புறம் உட்கார்ந்து எழுதினார்.

அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 'இல்லை' என்று எழுதினால் எட்டு வயது மனசு உடையும். 'ஆமாம், மான் வண்டியில் வந்து புகைபோக்கி வழியாக இறங்குகிறார்' என்று எழுதினால், அது இன்னொரு வௌவால் மனிதன் கதை. கேட்டது குழந்தை. படிக்கப் போவது ஊர் முழுக்க இருக்கும் பெரியவர்கள்.

சர்ச் மூன்றாவதாக ஒரு வழி பிடித்தார். தாத்தா இருக்கிறார் என்று அடித்துச் சொன்னார். எப்படி? அன்பும் தாராள குணமும் இருக்கிறதல்லவா, அப்படித்தான். தாத்தாவை யாரும் பார்த்ததில்லையே? பார்க்காததால் இல்லையென்று ஆகிவிடுமா? உலகத்தின் மிக நிஜமான விஷயங்கள் குழந்தை கண்ணுக்கும் தெரியாது, பெரியவர் கண்ணுக்கும் தெரியாது. கிலுகிலுப்பையைப் பிரித்துப் பார்த்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் அப்படிப் பிரித்துப் பார்த்துவிட முடியாது. சாரம் இவ்வளவுதான்.

இது பொய்யா? கறாரான ஆசாமிகள் பொய் என்றுதான் சொல்வார்கள். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. 1835-ன் கதை, படிக்கிறவனை முட்டாளாக்கிக் காசு பார்த்தது. 1897-ன் பதிலில் நம்பி ஏமாற ஒன்றுமில்லை. புகைபோக்கியைக் காவல் காத்தாலும் யாரும் வரமாட்டார் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் 'இருக்கிறார்' என்கிறது. அதனால்தான் வளர்ந்த பிறகும் அதை நம்ப முடிகிறது.

செப்டம்பர் 21-ம் தேதி அது வெளியானது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று மாதம் கிடந்தது. கையெழுத்தில்லை, கொட்டை எழுத்துத் தலைப்பில்லை. மற்ற தலையங்கங்களுக்குக் கீழே ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பத்திரிகையே அதைப் பெரிசாக நினைக்கவில்லை. வாசகர்கள்தான் விடவில்லை. மறுபடி போடுங்கள், மறுபடி போடுங்கள் என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். கேட்டதெல்லாம் மீசை முளைத்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும்! 1920-களிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அது தவறாமல் வந்தது. 1906-ல் சர்ச் இறந்த பிறகுதான், எழுதியது அவர் என்பதே வெளியே தெரிந்தது. 1950 ஜனவரியில் 'சன்' வேறொரு பத்திரிகையோடு இணைந்து காணாமல் போனது. தலையங்கம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

வர்ஜீனியா? டாக்டர் பட்டம் வரை படித்து, நியூயார்க்கில் 47 வருடம் ஆசிரியையாக இருந்தார். மருத்துவமனைகளில் நாள்பட்ட நோயோடு படுத்திருக்கும் குழந்தைகளுக்கு வகுப்பெடுத்த புரூக்ளின் பள்ளியில் நிர்வாகப் பொறுப்பு. 1959-ல் ஓய்வு. 1971-ல், 81 வயதில் காலமானார்.

உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அவருக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு காலத்தில் அவர் கேட்ட அதே கேள்வி. பதிலோடு அந்தத் தலையங்கத்தின் பிரதி ஒன்றையும் வைத்து அனுப்புவது அவர் வழக்கம். தாத்தா இருக்கிறாரா என்று கேட்ட குழந்தைக்கு, கடைசியில் அதுவே உத்தியோகமாகிவிட்டது!