சதுரங்க உளவியல்

சதுரங்க உளவியல் என்பது சதுரங்கம் ஆடுவோரின் மனப்பாங்கு, தோல்வியிலிருந்து மீண்டெழும் திறன், பிழையே கூடாது என்னும் முழுநிறைவு நாட்டம் ஆகியவை அவர்களது ஆட்டத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராயும் துறையாகும். இது விளையாட்டு உளவியலின் ஒரு பகுதி. ஓட்டம், நீச்சல் முதலியவற்றில் உடற்களைப்பையும் மனக்களைப்பையும் பிரித்துக் காண்பது கடினம். சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்த்தலும், பெரிய போட்டிகளில் அதற்குச் செலவான நேரமும் பதிவு செய்யப்படுகின்றன. எனவே மனம் தடுமாறிய இடத்தை ஆட்டம் முடிந்த பின்னரும் தேடிக் காண முடிகின்றது.

திருப்பூவனூர்

திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்திற்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் அமைந்துள்ளது. இது அப்பரால் பாடப்பெற்ற தலம். சதுரங்க ஆட்டத்தில் எவராலும் வெல்லப்படாத இராசராசேசுவரி என்னும் அரசகுமாரியை, முதியவர் உருவில் வந்த சிவபெருமான் ஆடி வென்று மணம் புரிந்தார் என்பது தலபுராணம். 2022 சூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தியப் பிரதமர் இக்கோயிலைக் குறிப்பிட்டதால் இது பரவலாக அறியப்பட்டது. மணம் முடிக்க வேண்டிய முதியவரைக் கண்டு மன்னன் கலங்கியதைப் புராணம் சொல்கின்றது. அதுவரை தோல்வியே காணாத இளவரசி அத்தோல்வியை எவ்வாறு ஏற்றாள் என்பதைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. இத்துறையின் முதன்மையான கேள்வியோ அதுவே.

அடிப்படைக் கருத்துகள்

அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 2006இல் வெளியிட்ட நூலின் வழியாக மனப்பாங்கு பற்றிய கோட்பாடு பரவலானது. திறமை பிறவியிலேயே அளந்து தரப்பட்டது என எண்ணுவது நிலைத்த மனப்பாங்கு; உழைப்பாலும் முறையான பயிற்சியாலும் அதனை வளர்க்கலாம் என எண்ணுவது வளர்ச்சி மனப்பாங்கு. முதல் வகையினருக்குத் தோல்வி ஒரு தீர்ப்பாகத் தோன்றும், இரண்டாம் வகையினருக்கு அது ஒரு தகவல். எனினும் இக்கோட்பாடு பள்ளிகளில் விளம்பரப்படுத்தப்பட்ட அளவுக்குப் பயன் தரவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018இல் வெளியான பகுப்பாய்வு, அதன் விளைவு பொதுவாகச் சிறிதே எனக் கண்டது. "உன்னால் முடியும்" என்று சொல்லிவிட்டால் போதும் என்பது டுவெக்கின் கருத்தும் அன்று.

மீள்திறன் பற்றிய ஆய்வுகளில் டேவிட் பிளெட்சர், முஸ்தபா சர்க்கார் ஆகியோர் 12 ஒலிம்பிக் வாகையாளர்களைப் பேட்டி கண்டு 2012இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மீள்திறன் என்பது துன்பத்தை உணராதிருத்தல் அன்று, நெருக்கடியை எவ்வாறு பொருள்கொள்கிறோம் என்பதைச் சார்ந்தது என்பது அதன் சாரம்.

ஆனந்த்: 2010 முதல் 2014 வரை

2010 ஏப்பிரலில் பல்கேரியாவின் சோபியாவில் வெசலின் தோப்பலோவுடன் நடைபெறவிருந்த உலக வாகையாளர் போட்டிக்குச் சென்ற விசுவநாதன் ஆனந்த், ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் வானூர்திகள் நிறுத்தப்பட்டதால் செருமனியிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 40 மணிநேரம் பயணம் செய்தார். மூன்று நாள் ஒத்திவைப்புக் கேட்டவருக்கு ஒரு நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார், இரண்டாவதில் வென்றார். சமநிலையில் வந்த 12ஆவது, இறுதி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் வென்று 6.5–5.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார்.

2012இல் மாசுக்கோவில் போரிஸ் கெல்பாண்டிடம் ஏழாவது ஆட்டத்தை இழந்த மறுநாளே 17 நகர்த்தல்களில் வென்று பதிலளித்தார். 2013இல் சொந்த ஊரான சென்னையில் மாக்னசு கார்ல்சனிடம் ஓர் ஆட்டம் கூட வெல்லாமல் 3.5–6.5 எனப் பட்டத்தை இழந்தபோது, ஆனந்தின் காலம் முடிந்தது எனப் பலரும் எழுதினர். நான்கு மாதங்களில், 2014 மார்ச்சில், காந்தி-மன்சீசுக் நகரில் தொடங்கிய தகுதிப் போட்டியில் 14 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் 8.5 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 44.

குகேஷ்

2006இல் சென்னையில் பிறந்த தொ. குகேஷ், 2022 ஒலிம்பியாட்டில் இந்தியாவின் இரண்டாம் அணிக்காக முதற்பலகையில் ஆடித் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்றார். பத்தாவது சுற்றில் உசுபெக்கித்தானின் நொதிர்பெக் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்தும் தவறிழைத்துத் தோற்றார். தங்கம் உசுபெக்கித்தானுக்குச் சென்றது, அவரது அணி வெண்கலம் பெற்றது. மாமல்லபுரம் அரங்கில் முகத்தைக் கைகளில் புதைத்து அமர்ந்திருந்த அச்சிறுவனைப் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

2024 ஏப்பிரலில் டொராண்டோ தகுதிப் போட்டியின் ஏழாவது சுற்றில் நேர நெருக்கடியில் அலிரேசா பிருச்சாவிடம் தோற்றார். அதற்கடுத்த ஓய்வு நாளில்தான் போட்டியை வெல்ல முடியும் என்ற தெளிவு பிறந்ததாகப் பின்னர் அவரே கூறினார். எஞ்சிய ஆட்டங்களில் தோல்வியின்றி 9 புள்ளிகளுடன் 17 வயதில் வென்றார். உலக வாகையாளர் போட்டிக்கு முன், 2011 உலகக்கிண்ணம் வென்ற இந்தியத் துடுப்பாட்ட அணியுடன் பணியாற்றிய மனநலப் பயிற்சியாளர் பாடி அப்டனின் உதவியைப் பெற்றார்.

2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் திங் லிரேனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன் தோற்ற குகேஷ், மின்தூக்கியில் ஆனந்தைச் சந்தித்தார். 2010இல் தமக்கு எஞ்சியவை 11 ஆட்டங்களே, குகேஷுக்கோ 13 உள்ளன என்று ஆனந்த் சொன்னதாகக் குகேஷ் பின்னர் நினைவுகூர்ந்தார். தேற்றுதலைவிட இந்தக் கணக்கே பயன்பட்டது போலும்! மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன் செய்தார்.

முழுநிறைவு நாட்டமும் கடிகாரமும்

உளவியலாளர்கள் முழுநிறைவு நாட்டத்தை இரண்டாகப் பிரிக்கின்றனர். உயர்ந்த அளவுகோலை நோக்கி முயல்வது ஒன்று. பிழை நேர்ந்தால் பிறர் என்ன நினைப்பார்கள் என அஞ்சுவது மற்றொன்று. முன்னது ஓரளவு துணை செய்யலாம். பின்னது பதற்றத்துடனும் மனச்சோர்வுடனும் தொடர்புடையது. சிறுவர் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் அரங்க வாயிலில் நிற்கும் பெற்றோரின் முகத்தையே முதலில் பார்க்கும் குழந்தைகளிடம் இரண்டாவது வகையைக் காணலாம். தரப்புள்ளிகள் பொதுவில் வெளியிடப்படுவதும் இவ்வச்சத்தைக் கூட்டுகின்றது.

சதுரங்கத்தில் முழுநிறைவு நாட்டத்தின் விலை நேரமாக வசூலிக்கப்படுகின்றது. சிங்கப்பூர் போட்டியில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடங்கள்; அதுவரை கூடுதல் நொடிகள் இல்லை. மிகச் சிறந்த நகர்த்தலையே தேடுபவர் போதுமான நல்ல நகர்த்தலைச் செய்பவரிடம் கடிகாரத்தில் தோற்பதுண்டு. போதுமானதைத் தேர்வது பற்றிய கோட்பாட்டை 1950களில் முன்வைத்த எர்பர்ட் சைமன், பின்னர் சதுரங்க வீரர்களின் நினைவாற்றலையும் ஆராய்ந்தவர் என்பது பொருத்தமானது. கணினி நிரல்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மதிப்பெண் இடும் காலத்தில் இந்நாட்டம் மேலும் வளர இடமுண்டு. குகேஷின் தொடக்கப் பயிற்சியாளரான விஷ்ணு பிரசன்னா, நெடுங்காலம் அவரைச் சதுரங்க நிரல்களைப் பயன்படுத்த விடவில்லை.

திங் லிரேன்

2023இல் உலக வாகையாளரான சீனாவின் திங் லிரேன், அதன்பின் மனச்சோர்வுக்கு உள்ளானதை வெளிப்படையாகவே கூறியவர். சில காலம் போட்டிகளிலிருந்து விலகியும் இருந்தார். 2024 போட்டியில் எளிதில் தோற்பார் எனப் பலர் கணித்திருக்க, முதல் ஆட்டத்தையும் 12ஆவது ஆட்டத்தையும் வென்று இறுதி வரை சமநிலையில் நின்றார். திசம்பர் 12 அன்று 14ஆவது ஆட்டத்தில், சமனாகக்கூடிய நிலையில், 55ஆவது நகர்த்தலில் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் 7.5–6.5 என்ற கணக்கில் 18 வயதில் உலக வாகையாளரானார். அவ்வாண்டில் தாம் மிகச் சிறப்பாக ஆடிய போட்டி இதுவே என்றும், தமக்கு வருத்தம் இல்லை என்றும் திங் செய்தியாளர்களிடம் கூறினார்.