மேசைப் போர் விளையாட்டுகளும் அறிபுனை உத்தி விளையாட்டுகளும்

மேசைப் போர் விளையாட்டு என்பது வரைபடம், காய்கள், பகடை ஆகியவற்றைக் கொண்டு போர்க்களத்தை மேசைமீது நடத்திப் பார்க்கும் விளையாட்டு வகையாகும். 19 ஆம் நூற்றாண்டில் படை அதிகாரிகளின் பயிற்சிக்காக வளர்ந்த இதன் விதிமுறைகள், பின்னர் விண்வெளிப் போரையும் வேற்றுக்கோள் உயிரிகளையும் கருவாகக் கொண்ட அறிபுனை உத்தி விளையாட்டுகளுக்கு அடித்தளமாயின.

தோற்றம்

பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை உருவாக்கிய விளையாட்டை மேம்படுத்தி 1824 இல் 'கிரீக்ஸ்பீல்' விதிநூலை வெளியிட்டார். இது 1:8000 அளவு வரைபடத்தில் ஆடப்பட்டது. இரு தரப்பினரும் கட்டளைகளை நடுவரிடம் அளித்தனர். நடுவர் பகடை உருட்டி இழப்புகளைக் கணக்கிட்டார். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய படைகளை மட்டுமே வரைபடத்தில் வைத்தார். களத்தில் தளபதிக்கு எல்லாம் தெரியாது என்பதையே விதியாக்கியது இதன் சிறப்பு. 1913 இல் அறிபுனை எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் எளிய விதிகளை 'லிட்டில் வார்ஸ்' நூலில் எழுதினார்.

வணிக விளையாட்டுகள்

அமெரிக்கரான சார்லஸ் ராபர்ட்ஸ் 1954 இல் 'டாக்டிக்ஸ்' விளையாட்டை வெளியிட்டார். 1958 இல் அவலான் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நிறுவனத்தின் 'கெட்டிஸ்பர்க்' விளையாட்டின் 1961 ஆம் ஆண்டுப் பதிப்பு அறுகோணக் கட்டங்களைப் பயன்படுத்தியது. சதுரக் கட்டத்தில் மூலைவிட்டமாக நகர்ந்தால் தொலைவு கூடும். அறுகோணத்தில் ஆறு திசைகளிலும் தொலைவு ஒன்றே. இரு படைகளின் வலிமை விகிதமும் பகடை எண்ணும் சேர்ந்து சண்டையின் முடிவை அட்டவணைப்படி தீர்மானித்தன. இதனால் நடுவர் தேவைப்படவில்லை. ஆயினும் காய்கள் அனைத்தும் இருவர் கண்முன்னும் இருந்ததால், எதிரி மறைந்திருக்கும் நிலை பெரிதும் இல்லாமற்போனது.

அறிபுனைக் களம்

ராபர்ட் ஹைன்லைனின் புதினத்தைத் தழுவி 1976 இல் அவலான் ஹில் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. 1977 இல் ஸ்டீவ் ஜாக்சனின் 'ஓகர்' வந்தது. இதில் ஒருவர் தானியங்கிப் பெருந்தாங்கி ஒன்றையும், மற்றவர் சிறு படைகள் பலவற்றையும் நடத்துவர். தாங்கியின் ஆயுதங்களையும் சக்கரப்பட்டைகளையும் தனித்தனியே தாக்கலாம். பட்டைகள் சிதையச் சிதைய அதன் வேகம் குறையும். சமமற்ற இரு தரப்புகளைச் சமநிலையில் மோதவிட முடியும் என்பதை இது காட்டியது.

கணினியில்

பிரித்தானியரான ஜூலியன் கோலப் 'லேசர் ஸ்குவாட்' (1988), 'யூஎஃப்ஓ: எனிமி அன்னோன்' (1994) ஆகியவற்றை முறைவைத்து ஆடும் உத்தி விளையாட்டுகளாக உருவாக்கினார். இவற்றில் வீரர்களின் பார்வைக்கு எட்டாத எதிரி திரையில் தோன்றுவதில்லை. ரைஸ்விட்ஸின் நடுவர் செய்த பணியைக் கணினி ஏற்றுக்கொண்டது. அறுகோணக் கட்டங்களும் தொடர்ந்தன. 2014 இல் வெளியான 'சிவிலைசேஷன்: பியாண்ட் எர்த்' வேற்றுக்கோளின் நிலப்பரப்பை அறுகோணங்களாலேயே அமைத்தது.